எலாதியோவின் பதினொரு மீட்டர்

பிள்ளைகளே, இந்தக் கிழமைக் கடிதத்தை ஒரு சத்தத்திலிருந்து தொடங்குகிறேன். ஈரமான பந்து ஒன்று கோல் கம்பத்தில் மோதுகிற சத்தம். டங்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஒக்லாந்தில் மழைக்காலம் முடியப்போகிற நேரம். ஹில்ஸ்பரோ சரிவுக்குக் கீழே இருந்த கிளப் மைதானத்தில், சப்பாத்துகள் பெயர்த்துப்போட்ட புற்கட்டிகளைத் திருப்பிவைத்து நான் காலால் அழுத்திக்கொண்டிருக்கிறேன். கடல் வற்றியிருந்ததால் சேற்று மணம் மேலேறி வருகிறது. அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிற காலை வேலை போக, பின்னேரத்தில் எனக்கு இந்த மைதான வேலை.

கிளப்புக்கு இரண்டு மைதானங்கள். முன் மைதானம் போட்டிகளுக்கு. பின் மைதானம் பயிற்சிக்கு. அன்று பின் மைதானத்தில் ஒரே ஒரு மனிதர்தான் நின்றார். பெனால்டிப் புள்ளியில் பந்தை வைப்பார். நாலு அடி பின்னால் போவார். ஓடிவந்து அடிப்பார். டங். இன்னொரு பந்து. டங். அடுத்தது கம்பத்துக்கு வெளியே போய் வேலியில் விழும்.

கோலுக்குள்ளே காவல் நிற்க ஒருவரும் இல்லை. ஆளில்லாத கோலுக்கு, ஸ்பெயின் நாட்டில் காசு வாங்கிப் பதினெட்டு வருடம் பந்தடித்த மனிதர் அடிக்கிறார். பத்துக்கு ஆறு உள்ளே போகவில்லை.

அவர் பெயர் எலாதியோ. கிளப்பில் எல்லாரும் 'எல்' என்பார்கள். என் பெயர் தவராசா, அவர்களுக்கு நான் 'டாவ்'. முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத இரண்டு பேர் என்பதாலோ என்னவோ, நாங்கள் ஒருவரை ஒருவர் முழுப் பெயரால்தான் கூப்பிட்டோம். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே அளவுக்கு உடைந்தது. அதனால் எங்களுக்குள் விளங்காமல் போனது ஒன்றும் இல்லை. அந்தப் பேச்சை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"கால் செத்துப்போச்சு, தவராசா," என்று வந்து என் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தார்.

"மழையில பந்து பாரமா இருக்கும்," என்றேன்.

"பாரம் இல்லை. பதினெட்டு வருசமா இந்தக் கால் என்னைக் கேக்காமலே பதினொரு மீட்டரை அளக்கும். நான் கீப்பரின்ர கண்ணைத்தான் பார்ப்பன். கோலைப் பார்க்கிறதே இல்லை. இப்ப கால் மறந்துட்டுது."

"பதினொரு மீட்டரோ?"

"ஓம். பெனால்டிக்கு எங்கட நாட்டில அதுதான் பேர். பதினொரு மீட்டர்."

நான் அடுத்த புற்கட்டியைக் காலால் அழுத்தினேன். அந்தப் புள்ளியை அங்கே வைத்தவன் நான். நான் வைத்தது பன்னிரண்டில்.

மத்தி மீன் ஊர்க்காரர்

அவருடைய கதையைச் சொல்லாமல் மேலே போனால் அந்தச் சத்தம் எவ்வளவு கொடியது என்று உங்களுக்கு விளங்காது.

ஸ்பெயினின் வட கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊர் அவருடையது. தகப்பன் மத்தி மீனை டின்னில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை. எலாதியோ பதினேழு வயதில் ஊர் கிளப்புக்கு ஸ்ட்ரைக்கர் ஆனார். ஸ்ட்ரைக்கர் என்றால் முன்னுக்கு நின்று கோல் அடிக்கிறவர். மற்றப் பத்துப் பேரும் பாடுபட்டுக் கொண்டுவருகிற பந்தை அவர் உள்ளே போடவேண்டும். போட்டால் தோளில் தூக்குவார்கள். போடாவிட்டால் தெருவில் முகம் கொடுக்க ஏலாது.

இரண்டாம் பிரிவில் ஐந்து வருடம் விளையாடினார். பிறகு முதல் பிரிவில் ஒரு பெரிய கிளப் எடுத்தது. அங்கே ஒரே ஒரு வருடம்தான், ஆனால் என்ன வருடம்! அறுபதாயிரம் பேர் தன் பெயரைப் பாட்டாகப் பாடிய நாளைச் சொல்லும்போது கையிலிருக்கிற தேநீரை மறந்துவிடுவார். அடுத்த வருடம் முழங்கால் போயிற்று. கத்தி வைத்தார்கள். மீண்டும் இரண்டாம் பிரிவு.

அங்கேதான் அது நடந்தது. வருடத்தின் கடைசிப் போட்டி. வென்றால் கிளப் தப்பும், இல்லையென்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். கடைசி நிமிடத்தில் பெனால்டி. எலாதியோ அடித்தார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று.

"அடுத்த நாள் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனன்," என்றார் ஒரு முறை. "பாண்காரி பாணைத் தந்தாள். என்ர முகத்தைப் பார்க்கேல்லை."

அதற்குப் பிறகு போன எந்தக் கிளப்பிலும் அவரிடம் பெனால்டி கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆங்கிலம் படிப்பிக்க அங்கே போன நியூசிலாந்துப் பெண் ஒருவரை மணந்துகொண்டு, முப்பத்தைந்து வயதில் ஒக்லாந்துக்கு வந்தார். எங்கள் பயிற்சியாளர் பாரிக்கு இந்தப் பழைய கதை ஒன்றும் தெரியாது. "ஸ்பெயினில் இருந்து வந்திருக்கிறாய், நீயே அடி," என்று பெனால்டியை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

அந்த வருடத்தின் முதல் பாதியில் ஐந்து பெனால்டி. ஐந்தும் கோல். எலாதியோ பத்து வயது குறைந்த மாதிரி நடந்தார் என்று பிறகு பலர் சொன்னார்கள். அந்த நடையை நான் பார்க்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. அதில் இரண்டு பெனால்டி கிடைத்தது. இரண்டையும் கீப்பர் பிடித்தார்.

இப்போது சனிக்கிழமை கோப்பை இறுதிப் போட்டி. அவருடைய கடைசிப் போட்டியும் அதுதான். அதோடு நிறுத்துவதென்று முடிவெடுத்திருந்தார். ஒரு வெற்றியோடு போகவேண்டும் என்பது மட்டும்தான் ஆசை.

கெனின் தாள்

எனக்கு முன்னால் மைதானத்தைப் பார்த்தவர் கென் என்ற வயதானவர். இடுப்பில் சத்திர சிகிச்சை செய்யப் போனதால் அந்த வேலை எனக்கு வந்தது. கருவிக் கொட்டிலின் கதவுக்கு உட்பக்கம் அவர் ஒரு தாளைக் குத்திவைத்திருந்தார். மைதானத்தின் படம். கோடுகளுக்குப் பக்கத்தில் இலக்கங்கள் மட்டும். 6, 18, 12, 10.

கோடுகள் எனக்குப் பிரச்சினை இல்லை. பழைய கோட்டின் தழும்பு புல்லில் தெரியும், அதன்மேல் வண்டியைத் தள்ளினால் போதும். ஆனால் பின் மைதானத்தில் ஒரு பக்கக் கோலுக்கு முன்னால் சேறாகிப்போய், புதுப் புல் பதித்திருந்தார்கள். புள்ளி இருந்த இடமே இல்லை. நான் தாளைப் பார்த்தேன், பன்னிரண்டு. கொட்டிலில் இருந்த நாடா மீட்டர் நாடா. பன்னிரண்டு மீட்டர் அளந்து, வட்டமாக, வடிவாக, வெள்ளை அடித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தபோது உங்கள் அம்மா தையல் மெசினில் இருந்தா.

"இஞ்சேருங்கோ, என்ன முகம் இருண்டு கிடக்கு?"

"ஸ்பெயினில பெனால்டி பதினொரு மீட்டராம். இஞ்சை பன்னிரண்டு. நாட்டுக்கு நாடு வித்தியாசமோ தெரியேல்லை."

"உலகக் கிண்ணத்தில ஒவ்வொரு நாட்டுக்கு ஒவ்வொரு கோலோ வைக்கிறாங்கள்? பன்னிரண்டு என்னது?"

"என்னது எண்டால்?"

"மீட்டரோ, யார்ட்டோ?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"கடவுளே!" என்று அம்மா மெசினிலிருந்து கையை எடுத்துவிட்டா. "இஞ்சை வந்து முதல் முதல் சட்டைத் துணி வாங்கேக்க கடைக்குள்ள நிண்டு கத்தினது ஆர்? 'இஞ்சை மீட்டர், யார்ட் இல்லை, கூட வெட்டுவிக்காதையும்' எண்டு? பதினேழு வருசம் புடவைக்கடையில துணி கிழிச்ச மனுசன்!"

உண்மைதான். யாழ்ப்பாணத்துப் புடவைக்கடையில் நான் நின்ற காலத்தில், அரசாங்கம் மீட்டர் என்றது, வருகிற பெண்கள் யார்ட் என்றார்கள். நாள் முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வதுதான் என் வேலை. ஒரு மீட்டர், ஒரு யார்ட்டைவிட மூன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பன்னிரண்டுக்கு நாற்பது அங்குலம். ஒரு முழு யார்ட்டையும் தாண்டுகிறது. நியூசிலாந்தில் எல்லாம் மீட்டர் என்று ஒருமுறை மனதில் பதிந்ததும், உதைபந்தாட்டச் சட்டம் இன்னும் யார்ட்டில் இருக்கலாம் என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை.

பதினொரு மீட்டரில் இருந்து கம்பத்துக்கு உட்பக்கமாக, ஒரு சாண் விட்டுப் போகிற பந்து, ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் எங்கே போகும்? கம்பத்திலேயே போய் மோதும். பயிற்சியில் கம்பத்தில் படுகிறதே என்று போட்டியில் அவர் காலைத் திருத்துவார். திருத்தினால் பந்து நேரே கீப்பரின் கைக்குள். அவருடைய கால் ஒன்றையும் மறக்கவில்லை. என் பிழையை ஆறு கிழமையாக, ஒன்றரை மாதமாக, சரியாக அளந்து சொல்லிக்கொண்டிருந்தது.

சத்தமில்லாமல் ஒரு திருத்தம்

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை இல்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

புதன்கிழமை பின்னேரம் ஒருவரும் இல்லாத நேரம் பின் மைதானத்துக்குப் போனேன். கையில் ஒரு கயிறு. மீட்டர் நாடாவில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. புடவைக்கடையில் அளவுகோல் கைக்கு எட்டாத நேரம், துணியின் நுனியை மூக்கில் வைத்து, மற்றக் கையை நீட்டி விரல் நுனியில் பிடிப்போம். அது ஒரு யார்ட். என் கைக்கும் அளவுகோலுக்கும் ஒரு விரல் தடிப்புக்கூட வித்தியாசம் வராது. அப்படிப் பன்னிரண்டு தரம் கயிற்றை மூக்குக்கும் விரலுக்கும் இழுத்தேன். நடுவில் நாய் நடத்திக்கொண்டு போன ஒரு பெண், நான் கயிற்றை முகர்ந்து பார்ப்பதை நின்று பார்த்துவிட்டு வேகமாகப் போனார்.

கயிற்றைக் கோல் கோட்டிலிருந்து விரித்தேன். பிறகு நாடாவையும் வைத்துப் பார்த்தேன். பதினொரு மீட்டருக்கு ஒரு பெருவிரல் குறைவு.

பழைய புள்ளியை மண் போட்டு மூடிப் புல் தூவினேன். புதுப் புள்ளியை அடித்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. எங்கள் நிரந்தர வதிவிட விண்ணப்பத்துக்குக் கிளப் செயலாளர் ஒரு கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். பிழையைச் சொன்னால் அது கிடைக்காதோ என்று பயம். 'புள்ளி திருந்திவிட்டது, கால் தானாகத் திருந்தும்,' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கால் திருந்தவில்லை. வியாழக்கிழமை பயிற்சியில் எலாதியோ வந்தார், கீப்பரை நிறுத்தினார், அடித்தார். ஆறு கிழமையாகக் கம்பத்துக்குப் பயந்த கால், பந்தை நடுவுக்கு இழுத்தது. கீப்பர் ஒரு எட்டு வைத்துப் பிடித்தார். மறுபடியும் அடித்தார். மறுபடியும் பிடித்தார். ஐந்தாவது பந்தைக் கீப்பர் சிரித்துக்கொண்டே பிடித்தார்.

பாரி விசிலை ஊதினார். "எல், சனிக்கிழமை நீ வெளியே இருந்து தொடங்கு, மேட். பெனால்டி கிடைச்சா ஜேசன் அடிக்கட்டும்."

எலாதியோ சேற்றுப் புல்லிலேயே குந்தினார். சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். ஒரு சப்பாத்தைக் கழற்றி, அடியில் இருந்த சேற்றைத் தட்டினார்.

"வெளியேயும் வேண்டாம், பாரி," என்றார். "சனிக்கிழமை நான் வரேல்லை. போதும்."

இரண்டாவது சப்பாத்துக்குக் கை போயிற்று.

நான் புற்கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடும்போது தெரிந்த ஆங்கிலம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"கிரவுண்ட் ராங்!" என்று கத்தினேன். "லெக் நோ ராங்! கிரவுண்ட் ராங்! மீ!"

பத்துப் பந்துகள்

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மண்டியிட்டு, போட்ட மண்ணைக் கையால் விலக்கினேன். பழைய வெள்ளை வட்டம் வெளியே வந்தது. புதியதற்கும் அதற்கும் நடுவில் என் கையை நீட்டிப் படுத்தே காட்டினேன்.

பாரிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தைச் சேற்றில் வீசினார்.

"எவ்வளவு நாளா, டாவ்?"

"ஆறு கிழமை. நேற்றுத்தான் மாத்தினன்."

"ஆறு கிழமை! நேற்று மாத்திவிட்டு இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றாயா?"

"ஓம்," என்றேன். யெஸ் என்று சொல்லவும் வரவில்லை.

எலாதியோ ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் சேற்றுக் காலுறையுமாக எழுந்து வந்தார். புதுப் புள்ளியில் நின்று பார்த்தார். பழையதில் நின்று பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்தார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"தவராசா," என்றார் மெல்ல. "அந்த நாள் ஸ்பெயினில கோடு போட்டதும் நீயோ?"

முதலில் ஜேசன் சிரித்தான். பிறகு கீப்பர். பாரிகூட முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் மட்டும் அழுதுகொண்டு நின்றேன்.

எலாதியோ சப்பாத்தைப் போட்டார். "பழைய புள்ளியில மூன்று," என்றார். டங். டங். மூன்றாவது வெளியே. "இப்ப பாருங்கோ."

புதுப் புள்ளியில் பந்தை வைத்து, கோல் கோட்டிலிருந்து பதினொரு எட்டு தானே நடந்து பார்த்தார். தலையை ஆட்டினார். திரும்பிக் கீப்பரின் கண்ணைப் பார்த்தார். கோலைப் பார்க்கவே இல்லை.

உள்ளே. கம்பத்துக்கு ஒரு சாண் உட்பக்கம்.

கீப்பரின் சிரிப்பு மூன்றாவது பந்தோடு நின்றது. ஆறாவது பந்துக்குப் பையன்கள் எண்ணத் தொடங்கினார்கள். பத்தாவது பந்து வலையில் விழுந்தபோது கீப்பர் கையுறையைக் கழற்றி அவருக்கே எறிந்தார். "நீயே வைத்துக்கொள், எனக்கு இதால் பயன் இல்லை!"

பாரி சேற்றிலிருந்து புத்தகத்தை எடுத்தார். "சரி. எல், நீ முதலில் இறங்குகிறாய்." பிறகு என்னைப் பார்த்தார். "நீ சனிக்கிழமை விடிய வந்து முன் மைதானத்தை மூன்று தரம் அள. உனக்குத் தெரிந்த எல்லா அளவாலும் அள."

கடிதத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த கிழமை செயலாளர் தானாகவே கொண்டுவந்து தந்தார். அதில் 'நேர்மையானவர்' என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லுக்கு நான் ஒரு நாள் பிந்தி வந்தவன் என்பது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை

அன்று நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். இப்போது பாட்டனி டவுன்ஸில் குடியிருக்கிற எங்கள் துளசிக்கு அப்போது ஏழு வயது. பக்கத்து வீட்டு மதுரைக்காரர் சுந்தரும் குடையோடு வந்தார். அவர் கிரிக்கெட் பைத்தியம்.

"என்னங்க இது, ஒன்றரை மணி நேரம் ஓடி ஒரு கோலு, ரெண்டு கோலுதானா? நம்ம ஆட்டத்துல ஒரு ஓவர்ல அவ்வளவு அடிப்பாங்க," என்று தொடங்கியவர், முதல் பாதியில் எலாதியோ தலையால் ஒரு கோல் போட்டபோது குடையை எறிந்துவிட்டுத் துள்ளினார்.

இரண்டாம் பாதியில் மற்றவர்கள் ஒன்று போட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. மழை. எலாதியோவின் முழங்கால் நோவது நடையில் தெரிந்தது. இரண்டு முறை விழுந்தார், இரண்டு முறையும் தானே எழும்பினார்.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜேசனைக் கோலுக்கு முன்னால் காலைத் தட்டி விழுத்தினார்கள். நடுவர் புள்ளியைக் காட்டினார். பெனால்டி.

ஜேசன் பந்தைக் கையில் எடுத்தான். எல்லாரும் பாரியைப் பார்த்தார்கள். பாரி குறிப்புப் புத்தகத்தை மூடினார். ஜேசன் நடந்துபோய்ப் பந்தை எலாதியோவின் கையில் கொடுத்தான்.

"அப்பா, ஹி இஸ் நாட் ஈவன் லுக்கிங் அட் த கோல்," என்றாள் துளசி என் தோளில் இருந்து.

"ஓம் பிள்ளை. பார்க்க மாட்டார்," என்றேன்.

நாலு எட்டு ஓடினார். அடித்தார்.

கீப்பர் சரியான பக்கத்துக்குத்தான் பாய்ந்தார். கையும் முழுதாக நீண்டது. பந்து அந்தக் கைக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருந்த ஒரு சாணால் போய் வலையைப் பின்னுக்குத் தள்ளியது. அன்று அந்த மைதானத்தில் இருநூறு பேர்தான் இருந்திருப்பார்கள். அறுபதாயிரம் பேர் இதைவிடப் பெரிதாகக் கத்தியிருக்க முடியாது. சுந்தர் என்னைக் கட்டிப்பிடித்து, "போட்டாருங்க! போட்டாருங்க!" என்கிறார். அம்மா விசிலே அடித்தா. அவவுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

எலாதியோ ஓடவில்லை. புள்ளிக்குப் பக்கத்தில் நின்றபடியே பாரியைப் பார்த்து இரண்டு கையையும் சுழற்றிக் காட்டினார். என்னை மாற்று என்று.

"கால் போச்சா?" என்று பாரி கத்தினார்.

"இல்லை! இதுதான் என்ர கடைசி உதை. இதோட விடு!"

இருநூறு பேரும் எழுந்து கை தட்ட, அவர் நடந்து வெளியே வந்தார். வந்து பாரிக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. நேரே வேலியோரம் எங்களிடம் வந்தார். இன்னும் நாலு நிமிடம் இருந்தது. மற்றவர்கள் ஒரு கோல் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

"என்னால பார்க்க ஏலாது," என்று மைதானத்துக்கு முதுகைக் காட்டி வேலியைப் பிடித்துக்கொண்டார். "நீ பார்த்துச் சொல்லு."

நான் சொல்லத் தொடங்கினேன். முதல் இரண்டு வசனம் ஆங்கிலம்தான். அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று துளசி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"மூலையில இருந்து கோணர் அடிக்கிறாங்கள்... அந்த நெட்டையன் வாறான்... விடாதை, விடாதை, அவனைப் பிடி... ஐயோ தலையால அடிச்சிட்டான்... வெளியால! வெளியால போயிட்டுது! எங்கட கீப்பர் எடுக்கிறான்... மெல்ல எடடா, அவசரப்படாதை... ஜேசன் கொண்டு ஓடுறான், ஓடு, ஓடு, மூலைக்குக் கொண்டுபோ... நடுவர் மணியைப் பார்க்கிறார்... ஊதும் ஐயா, ஊதித் துலையும்..."

எலாதியோ ஒரு சொல்லும் விளங்காமல், என் சட்டைக் கையைப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

விசில் மூன்று தரம் ஊதியது. அவர் அப்போதும் திரும்பவில்லை. கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார்.

"வெண்டிட்டம், கோப்பை எங்கட!" என்றேன். "எலாதியோ, வெண்டிட்டம்!"

அவர் என்னையும், என் தோளில் இருந்த துளசியையும் சேர்த்துத் தூக்கினார், நோகிற அந்த முழங்காலோடு.